முப்பத்தேழு பாகையில் விதுஷா

புதன்கிழமை காலை நிரஞ்சலா பதுளை பஸ் நிலையத்தில் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு சந்தைக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறினாள். அவள் வேலை செய்த ஆய்வுகூடம் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. ஏதோ ஒரு துரை கட்டிய வீடு. மழைக்காலத்தில் சுவரெல்லாம் வியர்க்கும், மரத்தரை நடக்க நடக்க முனகும். கடைசி அறையில் அலமாரி உயரத்துக்கு ஒரு இன்கியூபேட்டர் நின்றது. அதற்குள் இரவும் பகலும் முப்பத்தேழு பாகை, மனித உடம்பின் சூடு. நிரஞ்சலாவின் தங்கச்சி விதுஷா அதற்குள்தான் இருந்தாள்.

முழு விதுஷா இல்லை. தேயிலைக்கு அடிக்கிற மருந்து கொழுந்து பறிப்பவர்களின் தோலை என்ன செய்கிறது என்று அங்கே ஒரு ஆய்வு நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து படாத ஆட்களின் தோலும் தேவைப்பட்டது. ஊசி என்றதும் எல்லோரும் நழுவ, நிரஞ்சலா தங்கச்சியைக் கூட்டி வந்தாள். கையின் உள்பக்கத்தில் ஒரு அரிசி அளவு தோலை எடுத்தார்கள். இதுக்குப் போயா இவ்வளவு பெரிய பிளாஸ்டர் என்று சிரித்தவள், கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தால்தான் பஸ் ஏறுவேன் என்று அடம்பிடித்து வாங்கியும் தின்றாள். அந்த அரிசியிலிருந்து பிரிந்து பெருகிய உயிர்க்கலங்கள் ஒரு தட்டைக் குப்பியில், இளஞ்சிவப்பு ஊட்ட நீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படர்ந்தன.

ஏழு வாரம் கழித்து, கார்த்திகை மழையில் நமுனுகுல மலைச்சரிவு தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்து வீட்டு வரிசையின் மேல் இறங்கியது. அம்மா பெரியாயி அப்போது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். விதுஷா காய்ச்சலோடு தங்கள் காம்பரா அறையில் படுத்திருந்தாள். மண்ணுக்கு அடியிலிருந்து இரண்டு நாள் தட்டுகிற சத்தம் கேட்டது என்று தோண்டியவர்கள் நிரஞ்சலாவிடம் மட்டும் சொன்னார்கள். மூன்றாம் நாள் சத்தம் நின்றது. ஆறாம் நாள் தோண்டுவதையும் நிறுத்தினார்கள். மற்றவர்கள் கிடைத்தார்கள், விதுஷா கிடைக்கவில்லை.

அடக்கம் செய்த மறுநாள் குழிமேட்டில் பால் ஊற்றினால்தான் போன உயிர் அலையாமல் அடங்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். உடம்பே கிடைக்காதவளுக்கு எங்கே ஊற்றுவது? சரிந்த மண்ணிலேயே ஊற்றிவிடலாம் என்று சனங்கள் சொல்ல, பெரியாயியும் ஒருவழியாகத் தலையாட்டி, செம்பைக்கூட விளக்கி வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் நிரஞ்சலா வாயைக் கொடுத்தாள். அம்மா அழுகிற அழுகையைப் பார்க்க முடியாமல், விதுவோட ஒடம்புல ஒரு துளி எங்க லேப்ல உசுரோட இருக்கும்மா, வளருதும்மா என்று சொல்லிவிட்டாள்.

பெரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"உசுரோட இருக்குற புள்ளைக்கு யாராச்சும் பாலூத்துவாங்களாடி?"

அவ்வளவுதான். எட்டாம் நாள் சடங்கும் நடக்கவில்லை, கருமாதியும் நடக்கவில்லை. தோட்டத்தில் மாற்றிக் கொடுத்த காம்பராவிலிருந்து, ஆறு மாதமாக வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வரும். இன்னைக்கு எப்படி இருக்கா என்று கேட்பாள். நல்லா இருக்கா, வளர்றா என்று நிரஞ்சலா சொல்வாள்.

அவள் பொய் சொல்லவில்லை, பரிசோதனை சொன்னதைத்தான் சொன்னாள். ஒவ்வொரு கலத்தின் கருவுக்குள்ளும் ஹிஸ்டோன் என்று ஒரு புரதம் உண்டு. மரபு இழை அதைச் சுற்றித்தான் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். கலம் இரண்டாகப் பிரிகிற வேளையில் மட்டும் அந்தப் புரதத்தில் ஒரு சின்ன அடையாளம் ஏறும். அந்த அடையாளத்தை மட்டுமே தேடிப் பிடிக்கிற, அன்டிபொடி என்கிற பிறபொருளெதிரி ஒன்றைக் கொண்டு சோதித்தால், அடையாளம் உள்ள இடத்தில் ஃபிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழும். விதுஷாவின் கோடு வாரத்துக்கு வாரம் தடித்துக்கொண்டே வந்தது. குப்பியைத் தட்டி எத்தனை கலம் எடுத்தாலும் மிச்சம் குறையவில்லை. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்க மட்டும் நிரஞ்சலாவுக்கு மனம் வரவில்லை. கூடப் பிறந்தவளை அப்படி உரித்துப் பார்ப்பது பாவம் என்று தோன்றியது.

அன்றும் வழக்கம்போல, வந்துட்டேன் விது என்று மெல்லச் சொல்லியபடி இன்கியூபேட்டரைத் திறந்தாள்.

மண் வாசனை அடித்தது.

புதுமழை மண்ணின் வாசனை இல்லை அது. ஆழத்தில் தோண்டிய ஈர மண்ணின் புளித்த நெடி. உள்கண்ணாடியில் ஒரு இடத்தில் மட்டும் ஆவி படிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கி மறைந்தது.

மறுபடி படிந்தது.

ஈரப்பதம் கூடிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குப்பியை எடுத்தாள். அதிலிருந்து தட்டி எடுத்த கொஞ்சம் கலங்களை உடைத்து, புரதங்களைப் பிரித்து, காகிதம் போன்ற ஒரு சவ்வில் ஏற்றி முடிக்க மத்தியானமாகிவிட்டது. சவ்வில் எட்டு வரிசை இருந்தது. எட்டாவதில் எந்தக் கலமும் இல்லை, வெறும் உப்பு நீர். அங்கே ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் வேலையில் பிழை என்று அர்த்தம்.

பிறபொருளெதிரி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, முதலில் சவ்வைப் பாலில் ஊறவைப்பார்கள். கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்துத் தட்டில் ஊற்றும்போதெல்லாம் அம்மா கவிழ்த்து வைத்த செம்பு நிரஞ்சலாவுக்கு நினைவு வரும். அன்றும் வந்தது. மூடியைப் போட்டு, தட்டை ஆடும் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது மேசை ஆடிக்கொண்டிருந்தது. மூடி போட்டபடியே இருந்தது.

தட்டில் பால் இல்லை.

ஒரு சொட்டுக்கூட இல்லை. மேசையிலும் சிந்தவில்லை, தரையிலும் சிந்தவில்லை. தட்டு துடைத்து வைத்ததுபோல் காய்ந்து கிடந்தது. நிரஞ்சலா யாரையும் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் பால் கரைத்து ஊற்றி, இந்த முறை ஒரு மணி நேரமும் கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போது ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை ஃபிலிம் கழுவ இருட்டறைக்குள் போனாள். பகல் பத்து மணிக்கும் அங்கே அமாவாசைதான். ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கழுவும் திரவத்துக்குள் ஃபிலிமை அசைத்துக்கொண்டிருந்தபோது, தன் மூச்சுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு கேட்டது. காய்ச்சல்காரியின் மூச்சுபோல இழுத்து இழுத்து வந்தது. தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

அது நிற்கவில்லை.

"விது?" என்றாள், உதடு மட்டும் அசைய.

ஃபிலிமில் கோடுகள் எழும்பின. முதல் வரிசையில் விதுஷாவின் கோடு கரிக்கட்டையால் இழுத்ததுபோல் தடித்திருந்தது. மற்றவர்களுடையது மயிரிழையாகத் தெரிந்தது. எட்டாவது வரிசையில், வெறும் உப்பு நீரை விட்ட இடத்தில், முதல் கோட்டைவிடத் தடிப்பாக இன்னொரு கோடு கறுத்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடி வந்து ஃபிலிமை ஆய்வுகூடப் பொறுப்பாளர் டொக்டர் றுமைஸாவிடம் நீட்டினாள். பண்டாரவளைக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுசி. எட்டாவது வரிசையை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பக்கத்திலிருந்து சிந்தியிருக்கும் என்றார். முதல் கோட்டைத்தான் வெகுநேரம் பார்த்தார். இந்தக் கலங்களைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். நிரஞ்சலா இல்லை என்றாள். டொக்டர் தானே குப்பியை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

நீட்டி நிமிர்ந்து படர்ந்திருக்க வேண்டிய கலங்கள் எல்லாம் உருண்டைகளாகச் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் மரபு இழைகள் இறுகி, வரிசை கட்டி, அப்படியே நின்றிருந்தன. ஒன்றுகூடப் பிரியவில்லை.

"இது வளர்ச்சி இல்ல, நிரஞ்சலா," என்றார் டொக்டர். "கோடு இவ்வளவு தடிப்பா வந்தா இன்னொரு காரணமும் இருக்கு. பிரியத் தொடங்கி பாதியில மாட்டிக்கிச்சு. முன்னுக்குப் போகவும் ஏலாது, பின்னுக்கு வரவும் ஏலாது."

இப்படி மாட்டிய கலம் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும், இது எத்தனை நாளாக நிற்கிறது என்று அவர் கேட்டார். நிரஞ்சலா பழைய ஃபிலிம்களை இழுத்துப் போட்டுத் தேதி பார்த்தாள். கோடு தடிக்கத் தொடங்கியது எந்த நாள் என்று பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மலை இறங்கிய நாள்.

ஆறு மாதம். மண்ணுக்கு அடியில் தட்டியவள் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. பாதியில் மாட்டிக்கொண்டு மூச்சிழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊட்ட நீர் மாற்றி, சூடு குறையாமல் பார்த்து, அவளைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாள். அதைத்தான் வெள்ளிக்கிழமை தோறும், நல்லா இருக்கா என்று அம்மாவிடம் சொல்லிவந்தாள். நிரஞ்சலா நடைபாதைச் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இந்தக் கலங்களை இனி வைத்திருக்க முடியாது, அழித்துவிட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். குளிரில் உறைய வைத்திருந்தவை முன்பே மின்வெட்டில் போய்விட்டன. உலகத்தில் விதுஷா என்று மிச்சமிருந்தது அந்த ஒரு குப்பிதான். வேறு யாராவது செய்யட்டுமா என்று டொக்டர் கேட்டபோது, நானே செய்றேன் டொக்டர் என்றாள்.

அன்றிரவு அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. குப்பி போய்விட்டால் அம்மாவுக்குப் பிடித்து நிற்க ஒரு கொம்பும் இல்லை. குப்பி இருந்தால் விதுவுக்கு விடுதலை இல்லை. விடியும்போது முடிவுக்கு வந்தாள். தங்கச்சியை முதலில் விட்டுவிட வேண்டும். பிறகு அம்மாவின் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்ச் சரிந்த மண்ணில் பால் ஊற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு குப்பியைத் தொட்டியருகே கொண்டுபோனாள். கலங்களை அழிக்க அங்கே பிளீச்தான் ஊற்றுவார்கள். மூடியைத் திறந்தாள். குப்பி உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சலன்று தங்கச்சியின் நெற்றி இப்படித்தான் சுட்டிருக்கும், பக்கத்திலிருந்து தொட்டுப் பார்க்கத் தனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்தாள்.

"போயிரு விது. இனிமே வலிக்காது," என்று சொல்லிவிட்டு ஊற்றினாள்.

இளஞ்சிவப்பு வெளுத்து நிறமற்றுப் போனது. குப்பி அவள் கையில் ஒரே ஒரு தரம் துடித்தது.

கை நடுங்கியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். இன்கியூபேட்டரைத் திறந்து பார்த்தாள். மண் வாசனை போயிருந்தது, கண்ணாடி தெளிவாக இருந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. தங்கச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நம்பினாள்.

ஐந்தரை மணிக்கு, வழக்கத்துக்கு முன்னதாகவே அம்மாவிடமிருந்து போன் வந்தது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டு நிரஞ்சலா எடுத்தாள். அவள் வாயைத் திறக்குமுன் பெரியாயி முந்திக்கொண்டாள். தணிந்த குரலில் பேசினாள், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

"நிரஞ்சி, தங்கச்சி வந்திருக்கா."

நிரஞ்சலா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ரெண்டு மணி இருக்கும். காம்பராவுக்குள்ள சத்தம் கேட்டுச்சு. பாத்தா மூலையில குந்திக்கிட்டு இருக்கா. மேலெல்லாம் வெள்ள வெளேர்னு வெந்து போயிருக்குடி. கிட்டப் போனா கக்கூஸ் கழுவுற மருந்து வாசன. தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்துட்டேன், எரிச்சல் அடங்க மாட்டேங்குதாம்." பெரியாயி மூக்கை உறிஞ்சினாள். "நீ படிச்ச புள்ள. எரிச்சலுக்கு என்ன தடவுறதுன்னு சொல்லு."

"அம்மா..."

"யாரு ஊத்துனதுன்னு கேட்டா உன் பேரச் சொல்லி அழுவுறா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. இந்தா, அவகிட்டயே கேளு."

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சு, இழுத்து இழுத்து, காதுக்கு வெகு அருகில்.

வைத்துவிடு, வைத்துவிடு என்று உள்ளே ஏதோ கத்தியது. நிரஞ்சலா வைக்கவில்லை. அந்தக் குரலை இன்னும் ஒரு தடவை கேட்க ஆறு மாதமாக ஏங்கியவள், போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.