இடது பக்கப் படம்

ஏழு வந்தது. மறுபடி எண்ணினார், சின்னப் பிள்ளை மாதிரி விரல் விட்டு. அப்போதும் ஏழுதான்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஜன்னல் வழியே வந்த வெயில் மேசை முழுக்கப் படர்ந்திருந்தது; சமையலறையில் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தமும், குழாயைத் திறந்து திறந்து மூடும் சத்தமும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தன. பயப்படுவதற்கு ஏற்ற நேரமே இல்லை. ஆனாலும் ஓவியர் நாற்காலியை மேசையிலிருந்து பின்னால் தள்ளிக்கொண்டார். தானே எண்ணிப் போட்ட ஆறு வித்தியாசங்களில் ஏழாவது ஒன்று இருப்பது, பூட்டிய வீட்டுக்குள் யாரோ தும்முவது மாதிரி.

முப்பது வருடமாக ஒரு வாரப் பத்திரிகையின் 'ஆறு வித்தியாசங்கள்' பக்கத்தை வரைகிறவர் அவர். தெருவில் அவர் பெயரே 'வித்தியாசம் சார்' என்றாகிவிட்டது. இப்போது பழைய படங்களையெல்லாம் திரட்டிப் புத்தகமாகப் போடுகிறார்கள். முதல் படம் கட்டாயம் வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் ஒற்றைக்காலில் நின்றார்.

"அது மட்டும் வேணாம் சார். விரலெல்லாம் வாழைக்காய் மாதிரி இருக்கும். மானம் போயிடும்."

"அட, அதுதானே சார் அழகு! அனுப்பி வைங்க."

அழகாம்! தன் பழைய வேலையைத் தானே பார்ப்பது எத்தனை பெரிய தண்டனை என்று அடுத்தவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கண் வளர்ந்துவிடுகிறது, படம் அங்கேயே நிற்கிறது. மற்றவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள். வரைந்தவனோ அன்றைக்குத் தன் கைக்கு வராததை மட்டும் பார்க்கிறான். அதனால்தான் முதல் படத்தை ஓர் அட்டைப்பெட்டியின் அடியில் குப்புறப் போட்டு, அலமாரி மேல் ஏற்றிவிட்டு, முப்பது வருடம் அதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தார்; இன்றுதான் இறக்கினார்.

கல்யாணமான பதினோராம் நாள் வரைந்தது. புது மனைவி எதிரே உட்கார்ந்து அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைக்க, அவளைப் பார்த்துப் பார்த்தே இடது படத்தைப் போட்டார். வலது படம் அதன் நகல்; மாற்றங்கள் எல்லாம் அதில்தான். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போனது. வகிடு வலப்பக்கம் போனது. ஊசி இடக்கைக்கு வந்தது. மற்ற மூன்றும் சட்டைப் பொத்தான், ஜன்னல் கொக்கி, கோப்பையின் பிடி. ஆக ஆறு.

ஏழாவது, இடது படத்தில் இருந்தது. தையலைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டிய பெண், நிமிர்ந்து நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாள் பழசு, மை ஊறியிருக்கும், நமக்கும் கண் முன்போல இல்லை என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். பழுத்த தாளின் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. கண்ணாடிக்கு அடியில் அவள் தலைமுடி நரைத்திருந்தது. அவர் நரை வரையவில்லை. அன்று அவளுக்கு இருபத்திரண்டு வயது. கண்களுக்குக் கீழே சுருக்கங்கள். மடியில் இருந்த சட்டை தரையில் கிடந்தது. இரண்டு படங்களையும் பிரிக்கும் நடுக்கோட்டின் மேல், உள்ளங்கை பதிய, அவளுடைய ஒரு கை அழுத்திக்கொண்டிருந்தது.

சமையலறையில் குழாய் நின்றது.

"என்னங்க, காப்பி போடட்டா?"

"ம்... போடு."

எழுந்து கூடத்துக்குப் போனார். சுவரில் கல்யாணப் போட்டோ. தினம் கடந்து போகிற படத்தை யார் நின்று பார்க்கிறார்கள்? இப்போது நின்று பார்த்தார். மணப்பெண்ணுக்கு மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. வகிடு இடப்பக்கம். ஸ்டூடியோக்காரன் போட்டோவைத் திருப்பிப் போட்டுவிட்டான் போல என்று ஒரு நொடி மூச்சு வந்தது. அப்புறம் பக்கத்தில் நின்ற தன்னைப் பார்த்தார். சட்டைப் பை சரியாக இடது மார்பில் இருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். அவள் இடக்கையால் காப்பியை நீட்டினாள். அவள் எப்போதும் இடக்கைதான். வலது கன்னத்தில் மச்சம், வலப்பக்கம் வகிடு, முப்பது வருடம் பார்த்துப் பழகிய முகம்.

பதினோரு நாளில் ஒரு முகம் எவ்வளவு பழகிவிடும்? படத்தை முடித்த அன்று சாயங்காலம் அவளிடம் ஏதோ மாறியிருப்பதாகத் தோன்றியது. கூச்சத்தில் சரியாகப் பார்க்கவில்லை போலும் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து இவளோடுதான் குடித்தனம் நடந்தது. மகளைப் பெற்றவளும் இவள்தான். அப்படியென்றால் தன்னைக் கட்டிக்கொண்டு வந்தவள்?

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

மேசைக்குத் திரும்பினார். பூதக்கண்ணாடியை இடது படத்து முகத்தின் மேல் பிடித்தார்.

வாய்.

அன்று அவருக்குத் திறந்த வாய் வரைய வராது. உதடு என்று ஒரே கோடு இழுத்துவிடுவார். அந்தக் கோடு இரண்டு ஓரமும் இழுபட்டு விண்ணென்று நின்றது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்துகிறாள். முப்பது வருடமாகக் கத்துகிறாள். திறக்க வாய் இல்லை. விரல்களும் அப்படித்தான். கணு இல்லை. மடங்காது. எதையும் பிடிக்க முடியாது.

பேனாவை எடுத்தார். இப்போது வாய் வரையத் தெரியும். ஆயிரம் வாய் வரைந்தாயிற்று. ஒரு நிமிட வேலை. முனை அந்தக் கோட்டைத் தொடும் தூரத்தில்.

காதருகே மூச்சு.

"இது சரியா வரலைங்க. நீங்களே எத்தன தடவ சொல்லியிருக்கீங்க?"

இடக்கை பேனாவை மெதுவாக வாங்கி வைத்தது. தப்பை மறைக்கும் வெள்ளை மைப் புட்டியைத் திறந்தது.

"நான் அழிச்சிடறேன். பக்கத்துல இருக்கறதப் பாத்துப் புதுசா ஒண்ணு போட்டுக்கங்க."

தடுக்க வேண்டும். கை எழவில்லை. தூரிகை நெற்றியிலிருந்து இறங்கியது. நரை. மச்சம். கண்கள், கடைசிவரை அவரையே பார்த்தன. அந்தக் கோடு. வாழைக்காய் விரல்கள், ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றும் மறைய மறைய, சொல்லவே வெட்கக்கேடு, அவருக்குள் ஒரு நிம்மதி பரவியது. இனி யாரும் பார்க்க மாட்டார்கள்.

"எவ்வளவு சுத்தமா ஆயிடுச்சு, பாருங்க."

பார்த்தார். வெயிலில் வெள்ளை மின்னியது. காயவில்லை. ஈரப் பூச்சில், வாய் இருந்த இடத்தில், ஒரு சின்னக் குழி விழுந்தது. மேடானது. மறுபடி குழிந்தது.