நிழல் சொன்ன பரவாயில்லை

கோட்டையின் வடக்கு வாசல் விழப்போகிற நேரம் பார்த்து கௌசிகாவின் மடிக்கணினிக்கு மூச்சிரைத்தது. விசிறிகள் மாவு மில் போல இரைந்தன. திரையில் எதிரி வீரர்கள் விட்டு விட்டு நகர்ந்தார்கள். ஏணியில் பாதி ஏறியிருந்தவன் அடுத்த கணம் மதிலுக்கு உள்ளே நின்றான். அவள் விரல் சரியான விசையைச் சரியான நேரத்தில்தான் அழுத்தியது. கணினி அதை யோசித்து முடிப்பதற்குள் கோட்டை போய்விட்டது.

"போச்சு," என்றான் அணித் தலைவன் இம்தியாஸ். காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "மறுபடியுமா, அம்மிணி?"

"கை என்ரதுங்க. தப்பு இதோடது," என்று மடிக்கணினியைக் காட்டினாள் கௌசிகா. அதன் முதுகில் கை வைக்க முடியவில்லை. தோசை வார்க்கலாம்.

பீளமேட்டில் இருந்த அந்தப் பயிற்சிக்கூடத்தில் ஐந்து பேர் கொண்ட அவர்கள் அணி 'உழிஞை' என்ற கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தது. கோட்டையை ஓர் அணி முற்றுகையிடும், இன்னோர் அணி காக்கும். கௌசிகா மதில் காவல். தமிழ்நாட்டில் அவளைத் தாண்டி மதிலேறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், கணினி சூடேறிய பிறகு, யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றாகிவிட்டது. அன்றைக்கு எதிரணியில் டெங்கு வந்து படுத்துவிட்ட ஒருத்திக்குப் பதிலாக அவளுடைய நிழல் ஆடியது. நிழல் என்பது ஒருவருடைய பழக்கவழக்கங்களைப் படித்து அவரைப் போலவே நடக்கும் மென்பொருள். ஆட முடியாதவர் வாய்விட்டுச் சம்மதம் சொன்னால் நிழல் களமிறங்கலாம் என்று விளையாட்டுச் சங்கம் விதி வைத்திருந்தது. காய்ச்சலில் கிடந்தவளின் நிழலிடம் தோற்றதுதான் கௌசிகாவுக்குக் கூடுதல் எரிச்சல்.

"மதுரைத் தகுதிப் போட்டிக்கு நாள் நெருங்கிருச்சு," என்றான் இம்தியாஸ். "அங்கயும் இப்படி ஆச்சுன்னா எனக்கு வேற வழியில்ல. புரிஞ்சுக்கோ."

புரிந்தது. ஒன்பது வருடமாகக் காத்த மதிலில் வேறு யாரோ நிற்கப்போகிறார்கள்.

விஷயம் இதுதான். மடிக்கணினிக்குள் இரண்டு முக்கியமான சில்லுகள் உண்டு. படம் வரைவது வரைசில்லு. மற்ற எல்லாவற்றையும் யோசிப்பது மையச் சில்லு. மையச் சில்லு செய்பவர்கள் இரண்டே பேர்: சூறை, தென்றல். சூறை முதல் சில நிமிடங்கள் பேயாகப் பாயும். பிறகு எங்கே தானே வெந்துவிடுவோமோ என்று பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தென்றலுக்குப் பாதி மின்சாரம் போதும், தொடங்கிய வேகத்திலேயே முடிக்கும். இது விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்து என்ன பயன்? உச்ச வரைசில்லும் பளிச்சென்ற திரையும் வேண்டுமென்றால் அது சூறையோடுதான் வரும். தென்றல் வேண்டுமென்றால் நடுத்தர வரைசில்லும் மங்கலான திரையும்தான் கிடைக்கும். கௌசிகா மடிக்கணினி வாங்கிய களிறு நிறுவனத்தில் மட்டுமில்லை, எல்லா நிறுவனங்களிலும் இதே கதை. பட்டுச் சேலைக்கு நைந்த ரவிக்கை, நல்ல ரவிக்கைக்கு நைந்த சேலை என்று விற்கிற வியாபாரம். அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடுவதால் அவரவர் மடிக்கணினியைத்தான் கொண்டுவர வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அதனால் வீட்டில் மேசைக்கணினி வாங்கி வைத்தும் உபயோகமில்லை.

மறுநாள் காலை கிராஸ்கட் ரோட்டில் இருந்த களிறு காட்சிக்கூடத்துக்குப் போனாள்.

"தென்றல் சில்லு, அதோட உச்ச வரைசில்லு. ரெண்டும் சேர்ந்த மாதிரி ஒண்ணு வேணுங்க."

விற்பனைப் பெண் அழகாகச் சிரித்தாள். "அந்த ஜோடி வராதுங்க அக்கா. நிழற்சந்தைல யாருமே கேக்கலைங்க."

"நான் கேக்கறேனே. எதுத்தாப்ல நின்னு கேக்கறேன்."

"நீங்க கேக்கறீங்க. உங்க நிழல் கேக்கலையே." அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். கௌசிகாவின் பெயருக்கு நேராக இருந்தது: விருப்பம், சூறை. மனநிலை, திருப்தி.

கௌசிகாவுக்குத் தலைக்கேறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கத்தி என்ன ஆகப்போகிறது? அந்தப் பெண்ணா சில்லு செய்கிறாள்?

நிழற்சந்தை வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. முன்பெல்லாம் ஒரு பொருளைச் செய்து, கடையில் அடுக்கி, விற்குமா என்று சாமி கும்பிட்டார்கள். இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நிழல் இருக்கிறது. பொருள் செய்வதற்கு முன்பே நிழல்களிடம் விற்றுப் பார்க்கிறார்கள். நிழல் வெறுமனே வாங்குவதோடு நிற்காது. வாங்கியதைப் பயன்படுத்தியும் பார்க்கும், கணினி என்றால் விளையாடியும் பார்க்கும், பிறகு குறை நிறை சொல்லும். நிழல்கள் வாங்கியதை மட்டுமே தொழிற்சாலை செய்யும். கிடங்கில் எதுவும் தேங்குவதில்லை. செருப்பு அறுவதற்கு முதல் நாள் வாசலில் புதுச் செருப்பு வந்து நிற்கிறது. ஆகா ஓகோ என்றார்கள் எல்லோரும். ஒரே ஒரு சங்கடம். முன்பு கணினி சரியில்லை என்றால், சில்லுக்காரனோடு கமிஷனுக்குக் கைகோத்துக்கொண்டார்கள் என்று நிறுவனத்தைத் திட்டலாம். இப்போது திட்டினால், நீங்கள் கேட்டதைத்தானே செய்தோம் என்கிறார்கள்.

கௌசிகா விடவில்லை. சரவணம்பட்டியில் இருந்த களிறு தலைமையகத்துக்கு எழுதினாள், தொலைபேசியில் பிடித்தாள், கடைசியில் நேரில் போய் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டாள். மதியத்துக்கு மேல் விருப்பப் பிரிவின் மேலாளர் நவநீதன் வந்து உள்ளே அழைத்துப்போனார். மரியாதையான மனிதர். காப்பி வரவழைத்தார். இந்த மாதிரி ஆட்களிடம் சண்டை போடுவதுதான் கஷ்டம்.

"என் நிழல் தப்புங்க," என்றாள். "ஒருநாளும் நான் சூறையை விரும்பினதில்லை."

"நீங்களே கேட்டுப் பாருங்களேன்," என்று மேசையில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

"சொல்லுங்க," என்றது நிழல். அவளுடைய குரலேதான். ஜலதோஷம் பிடித்தால் வரும் கரகரப்பு உட்பட.

கௌசிகாவுக்கு உடம்பு கூசியது. "நீ எதுக்கு சூறையை வாங்கினே?"

"தென்றல்தான் கேட்டேன். அது வராதுன்னாங்க. தென்றல்னா பேருக்கேத்த மாதிரி மெதுவாத்தானுங்க வீசும்னு கடைக்காரர் சிரிச்சாரு. பரவாயில்ல, சூறையே குடுங்கன்னேன். நீயும் அப்படித்தானே சொன்னே?"

சொன்னாள்தான். முதல் கணினி வாங்கியபோது.

"சூடாச்சே? சர்வீஸ்ல குடுத்தமே?"

"குடுத்தோம். எப்படிங்க இருக்குன்னு போன் பண்ணிக் கேட்டாங்க. பரவாயில்லைங்கன்னோம். அடுத்த தடவ உதிரிபாகம் வர லேட்டாகும்னாங்க. அதுக்கும் பரவாயில்லைதான்."

நவநீதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க அகராதியில அந்தச் சொல்லுக்கு ஏற்பு, மனக்குறை இல்லை அப்படின்னு பொருள் போட்டிருக்காங்க மேடம். இந்த மாநிலத்து நிழல்கள் அதிகமாச் சொல்ற சொல்லே அதுதான். அதனால உங்க ஊர்க்காரங்க ரொம்பத் திருப்தியான வாடிக்கையாளர்கள்னு எங்களுக்கு எப்பவுமே ஒரு பெருமை."

"அது திருப்தி இல்லைங்க. வேற வழியில்லைன்னு அர்த்தம். உங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்றது."

"அது மெஷினுக்குத் தெரியாதுங்களே," என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டவர் போலத்தான் இருந்தது.

கௌசிகா எழுந்தாள். மேசை ஓரத்துக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீளமான கூடம் தெரிந்தது. வரிசை வரிசையாகக் கணிப்பேழைகள், ஆளுயரக் கணினிகள், குளிர்சாதனச் சத்தம்கூட இல்லாத அமைதி. நிழல்கள் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன என்றார் நவநீதன். ஒவ்வொரு பேழையின் நெற்றியிலும் சின்னதாக ஒரு முத்திரை இருந்தது. காற்றில் சாயும் நாணல். தென்றல் நிறுவனத்தின் முத்திரை.

"இதெல்லாம் தென்றலா?"

"வேற எதுங்க தாங்கும்? கோடிக்கணக்கான நிழல், நாள் பூரா ஓடணும். சூறையைப் போட்டா கட்டடமே வெந்துபோகும்." சொல்லிவிட்டுத்தான் எதிரில் நிற்பது யாரென்று அவருக்கு நினைவு வந்தது. "தென்றல்காரங்க செய்யற நல்ல சில்லுல முக்காவாசி எங்கள மாதிரி நிறுவனங்களுக்கே வந்துடுதுங்க. மடிக்கணினிக்கு மிச்சம் மீதிதான்."

எந்தச் சில்லு வேண்டும் என்று அவளைக் கேட்காமல் அவள் நிழலைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே அந்தச் சில்லு முழுவதும் செலவாகிவிடுகிறது. கௌசிகாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. அன்றைக்கே, இணையத்தில் தன் ஆட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு காணொளி போட்டாள். 'இனிமே பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க' என்றாள். அது பற்றிக்கொண்டது. அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். கல்லூரி வாசலில் கோஷம் போட்டார்கள். உழிஞை ஆடுகிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் களிறு நிறுவனத்துக்குத் திருத்தம் அனுப்பினார்கள்: நான் சொன்ன பரவாயில்லை பரவாயில்லை அல்ல.

பழக்கத்தை விடுவது மட்டும் லேசாக இல்லை. பேருந்தில் காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது? கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றிச் சேலையை நனைத்த பையனிடம் என்ன சொல்வது? கௌசிகா பல்லைக் கடித்துக்கொண்டு, "வலிக்குதுங்க," "கறை போகாதுங்க," என்று சொல்லிப் பழகினாள். இரண்டு சிநேகிதிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நிறுவனம் இறங்கிவந்தது. தமிழ் வாடிக்கையாளர்களின் நிழல்களை எல்லாம் புதிதாக வார்ப்பதாக அறிவித்தது. அகராதியில் அந்தச் சொல்லைத் திருத்தியது. திருந்திய நிழல்கள் ஒரே குரலில் தென்றல் கேட்டன. நிழற்சந்தையில் அவற்றுக்கு அங்கேயே, அந்த நொடியே, தென்றலும் உச்ச வரைசில்லும் சேர்ந்த கணினியைக் கொடுத்தார்கள். நிழல்கள் ஆடிப்பார்த்து அகமகிழ்ந்தன. இந்த முறை உண்மையான திருப்தி பதிவானது.

அடுத்த வாரம் காட்சிக்கூடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வாடிக்கையாளர்களின் உண்மையான விருப்பத்தை மேலும் துல்லியமாக அறியும் பணிக்குக் கூடுதல் கணிப்பேழைகள் தேவைப்படுவதால், தென்றல் மடிக்கணினிகள் தற்காலிகமாக நிறுத்தப்படுகின்றன. இருந்த நடுத்தர மாடலும் போயிற்று. ஆசை தோசை அப்பளம் வடை!

மதுரைக்குப் புறப்பட இருந்த அன்று பிற்பகல், பயிற்சிக்கூடத்தில் இம்தியாஸ் அவளுக்காகக் காத்திருந்தான். மற்ற மூவரும் முன்பே போய்விட்டிருந்தார்கள். மேசைமேல், ஆடுபவர் வாயால் சொல்லும் சம்மதத்தைக் கேட்டுப் பதியும் சங்கத்தின் சம்மதப்பெட்டி இருந்தது. உள்ளங்கை அகலம், நடுவில் ஒரு சின்ன விளக்கு.

"உக்காரு," என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கணினி சரியில்லைன்னாலும் நிழல் ஆடலாம்னு சங்கம் விதிய மாத்திருச்சு. களிறு கம்பெனிக்காரங்க கூப்பிட்டாங்க. உன் நிழலக் குடுக்கறேங்கறாங்க."

"என் நிழலையா?"

"தென்றல்ல இத்தன நாளா நாள் பூரா ஆடியிருக்கு. நேத்து ஆடவிட்டுப் பார்த்தோம் அம்மிணி." அவன் குரல் இறங்கியது. "ஒருத்தன் ஏறலை. ஒருத்தன்கூட. அப்படியே நீ ஆடற மாதிரியே. சூடாகாம நீ ஆடினா எப்படி இருக்குமோ, அப்படி."

அதுதானே அவள் கேட்டது? சூடாகாத கணினியில் ஒரே ஒரு ஆட்டம். கிடைத்துவிட்டது, நிழலுக்கு.

"நீயும் வா மதுரைக்கு. பக்கத்துல உக்காரு. பேரு உன் பேருதான் வரும்." இம்தியாஸின் கண் கலங்கியிருந்தது. முதல் போட்டிக்குத் தன் மடிக்கணினியை அவளுக்குக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தவன் அவன். "எனக்கு மட்டும் இது பிடிச்சிருக்கா? மத்த மூணு பேருக்கும் வாழ்க்கை இருக்கில்ல? உன்னத் தவிர யார்கிட்டயும் இதக் கேட்டிருக்க மாட்டேன். தப்பா எடுத்துக்காத கௌசி. மன்னிச்சுக்கோ."

சொல்ல எவ்வளவோ இருந்தது. அது என் கை, என் கண், என் ஒன்பது வருடம் என்று சொல்ல இருந்தது. வேண்டாம் என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஊரையே கிளப்பிவிட்டவள் அவள். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே ஒரு நல்ல மனிதன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"பரவாயில்லைங்க," என்றாள் கௌசிகா.

அகராதியைத் திருத்தியது களிறு நிறுவனம் மட்டும்தான். சங்கத்திடம் யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. மேசைமேல் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

இம்தியாஸ் நிமிர்ந்து பார்த்தான். அவன் பாட்டி வீட்டில் உருது பேசுவார்கள். "பர்வான்னா கவலைன்னு அர்த்தம், தெரியுமா?" என்றான் மெதுவாக. "கவலை இல்லைன்னுதான் இந்தப் பெட்டி எழுதிக்கிட்டிருக்கும்."

அவள் தலையாட்டினாள். மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.