பெயர் ஏறாத கோப்பு

மைரே திரையின் நிறத்தை மாற்றினால் தம்பி ரவிரிக்கு எழுத்து சுருங்கிவிடும். இந்த அநியாயம் ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக நடந்திருந்தது.

இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய மடிக்கணினி. அதில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். நிறம், ஒலி, விசைப்பலகை, எழுத்தின் அளவு எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று மைரேதான் எழுதி வைத்திருந்தாள். ஒரே கோப்பில், நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். பதினொரு வயதுக்கு அது பெரிய சாமர்த்தியம்தான். ஆனால் எந்த வரி எங்கே என்று கேட்டால் அவளே திருதிருவென்று விழிப்பாள்.

"அக்கா, மறுபடியும் கை வச்சியா?" ரவிரி திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தான். கண்ணாடி போட்டாலும் அவனுக்குச் சின்ன எழுத்து தெரியாது.

"பச்சைக் கலருக்கு மாத்தலாம்னு பாத்தேன்டா. அது எங்கேயோ போய் இடிச்சிடுச்சு."

"பத்து மணிக்கு அம்மா கூப்பிடுவாங்க. நான் கதை வாசிக்கணும்."

அம்மாவுக்குத் தென்துருவ ஆய்வுத் தளத்தில் சமையல் வேலை. லிட்டெல்டன் என்ற துறைமுக ஊரில் இருக்கும் இந்த வீட்டுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் அழைப்பு வரும். சாசேஜ் இறைச்சியைத் திருடும் நாயைப் பற்றிய கதையை ரவிரி அம்மாவுக்காக ஒரு வாரமாக எழுதியிருந்தான். மணி இப்போது ஒன்பதேகால்.

மைரே யோசித்தாள். ஒட்டுப்போட்டுச் சமாளித்தால் அடுத்த வாரமும் இதே கூத்துதான். "இனிமே உன்னோடது தனி, என்னோடது தனி. கொஞ்சம் பொறுடா," என்றாள்.

நிறத்துக்கு ஒரு கோப்பு, ஒலிக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று எனப் பிரித்தாள். பெரிய எழுத்து வரிகளைத் தனியாக எடுத்து, அந்தக் கோப்புக்கு 'ரவிரி' என்றே பெயர் வைத்தாள். பழைய கோப்பில் இப்போது பெயர்கள் மட்டும்தான் இருந்தன. அவற்றைப் பார்த்துக் கணினி ஒவ்வொன்றாக அழைத்துக்கொள்ளும்.

ஓட்டிப் பார்த்தாள். 'ரவிரி என்ற கோப்பு இல்லை' என்றது திரை.

"இதோ இருக்கே," என்றாள் மைரே. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். பெயரில் பிழையே இல்லை. மணி ஒன்பது ஐம்பது.

"நானும் ஓட்டோ மாதிரி ஆயிட்டேன்," என்று ரவிரி முணுமுணுத்தான்.

"யாருடா ஓட்டோ?"

"எங்க கிளாஸ்ல புதுப் பையன். முன்வரிசைலதான் உக்காந்திருந்தான். பதிவேட்டுல பேர் ஏறலன்னு டீச்சர் ரெண்டு நாள் அவனைக் கூப்பிடவே இல்ல."

மைரே தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய கோப்புகளுக்கும் ஒரு பதிவேடு உண்டு. கோப்புகளில் செய்யும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் 'கிட்' என்ற மென்பொருள்தான் அது. அதில் பெயர் ஏறாத கோப்பு கண்ணெதிரே கிடந்தாலும் இந்தக் கணினி மதிக்காது. ஒரு வருடமாக ஒரே கோப்பு என்பதால், புதுப் பெயர் ஏற்றும் பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

புதுக் கோப்புகள் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினாள். மறுபடி ஓட்டினாள். எழுத்துகள் பெரிதாகி வந்து நின்றன. ரவிரி மூக்கைத் திரையிலிருந்து எடுத்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

சொன்னபடி பத்து மணிக்கு அம்மா அழைப்பில் வந்தாள். ரவிரி வாசிக்கத் தொடங்கினான். நாய் முதல் சாசேஜைத் திருடியதுமே அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த இடைவெளியில் ரவிரி அக்கா பக்கம் திரும்பினான். "உன் பச்சையை இப்ப மாத்திக்கோ."

"இப்பவா? நீ வாசிச்சு முடிடா."

"பரவால்ல, மாத்து."

மைரே அவன் தோளுக்கு மேலே கையை நீட்டி, பயந்து பயந்து ஒரு வரியை மாற்றினாள். திரை பச்சையானது. எழுத்து அப்படியே இருந்தது.

ரவிரி அதைக் கவனிக்கவே இல்லை. நாய் இரண்டாவது சாசேஜைத் திருடப் போய்க்கொண்டிருந்தது.