மூடிய கைக்குள் மருதாணி

"டேய், நிறுத்துடா! தோலையே உரிச்சுப்போடுவே!"

யுவஸ்ரீ பாய்ந்து, அஃபானின் கையிலிருந்த தேங்காய் நாரைப் பிடுங்கினாள். பள்ளிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் சட்டென்று இடது கையை மூடிக்கொண்டான். விரலிடுக்கில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

"மருதாணியா?"

"சத்தமாச் சொல்லாத! நான் தூங்கறப்போ தங்கச்சி வரைஞ்சுபோட்டா."

"என்ன வரைஞ்சா?"

"அது எதுக்கு உனக்கு?"

கருமத்தம்பட்டிப் பள்ளிக் கபடி அணியில் பாடிப் போக அவனை விட்டால் ஆளில்லை. அடுத்த மாதம் பீளமேட்டில் போட்டி. ஆட்டத்துக்கு முன் நடுவர் நகம் பார்ப்பார். எல்லோர் எதிரிலும் கையை விரித்து நீட்ட வேண்டும்.

"பசங்க பார்த்தா 'கல்யாணப் பொண்ணு'ன்னு வருசம் பூரா ஓட்டுவாங்க. இது போகலைன்னா நான் வரலை."

யுவஸ்ரீக்குப் பகீரென்றது. தேய்த்த இடம் வேறு கன்றிப் போயிருந்தது.

"எங்கூட வா!"

ஆய்வகத்துக்கு இழுத்துப் போனாள். "மெர்சி மிஸ், மைக்ராஸ்கோப் பார்த்துக்கறோமுங்க!"

மிஸ் தலையாட்டியதும், அவன் முழங்கையில் செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்தாள்.

"ஆ!"

"கபடி வீரன் கத்தறான் பாரு." டேப்பை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள். "இதுல கண்ணை வை."

வைத்தான். மெல்லிய கண்ணாடிச் சில்லுகள், ஒன்றன்மேல் ஒன்றாய், எண்ணி மாளாமல்!

"இதெல்லாம்... நானா?"

"நீயா இருந்தது. செத்த தோலு. அடியில புதுசு பொறந்து மேல தள்ளிக்கிட்டே வருது. பழசு உதிருது. சும்மா உதிராது, ஒட்டுன அழுக்கு, கிருமி, சாயம் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகும். உன் மருதாணியும் அந்த மேல்தோல்லதான் இருக்குது."

"நான் தூங்கறப்பவும் உதிருமா?"

"கணக்குப் பாடத்துல தூங்கறப்பவும்."

அஃபான் தன் கையை யாரோ பெரிய மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இரவும் பகலும், ஒரு சத்தமும் இல்லாமல் இத்தனை வேலையா!

அன்றோடு நாரை விட்டான். சிவப்பு ஆரஞ்சானது. ஆரஞ்சு மங்கியது. போட்டி நாளில் நடுவர்முன் நீட்டிய கையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஜெயித்தார்கள். ஆனால் அஃபான் மட்டும் வெறும் உள்ளங்கையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா மூஞ்சி தொங்குது?"

"அன்னைக்கு நான் தூங்கலை, யுவா. நான்தான் கையை நீட்டினேன். இன்னைக்கு ஊட்டுக்குப் போய் மறுபடியும் வரையச் சொல்லப்போறேன்."

"அப்படி என்னதான்டா வரைஞ்சா?"

"கபடி ஆடற என்னைத்தான். அஞ்சு காலு வெச்சு."

"அஞ்சா?"

"நான் அவ்வளவு வேகமா ஓடறேனாம்."