கசப்பு தெரியாத பிள்ளை

வேப்பிலையை மை போல அரைத்து மார்பில் தடவிக்கொண்டுதான் சத்யப்பிரியா பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். பால் மறக்கடிக்க ஊரில் எல்லோரும் செய்வதுதான். வாய் வைத்ததும் பிள்ளை முகத்தைச் சுளிக்கும், துப்பும், வீறிட்டு அழும், இரண்டு நாளில் தன்னால் விட்டுவிடும். அரவிந்தன் சுளிக்கவில்லை. பச்சை எச்சில் மோவாயில் வழிய, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கடைசிவரை குடித்தான். பிறகு ஒட்டியிருந்த விழுதையும் நக்கி எடுத்தான்.

திங்கட்கிழமை அவள் பெரம்பலூரில் லேப் வேலைக்குச் சேர வேண்டும். கல்யாணமானதிலிருந்து கீழப்பழுவூருக்கு வெளியே, சிமெண்ட் லாரி ஓடும் ரோட்டோரத்தில், கூப்பிடு தூரத்தில் ஒரு வீடுகூட இல்லாத இந்த வீட்டில் அடைந்துகிடந்தவளுக்கு அது வேலை மட்டுமில்லை, வாசல். பிள்ளை பால் மறந்தால்தான் அவனைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்ப முடியும்.

“ஏங்க, வேப்பிலையத் தடவிக் கொடுத்தேன். அப்படியே குடிக்கிறான் இவன்.”

பின்னறையில் புழுத் தட்டுகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்த மணிவண்ணன் திரும்பவே இல்லை. “பசியா இருந்திருக்கும். நீ இங்க வந்து பாரு பிரியா, இதுங்களும் வேப்பிலை தின்னுதுங்க!”

அவனுக்குப் புழுதான் உலகம். பச்சைமலை அடிவாரத்துப் பெருமரம் ஒன்றில் காட்டுப் பட்டுப்பூச்சியின் கூடுகளைக் கண்டெடுத்து வந்து, தான் வளர்க்கும் ஆமணக்குப் பட்டுப்புழுக்களின் வம்சத்தோடு சேர்த்துவிட்டிருந்தான். சாதாரணப் புழு ஆமணக்கு இலை தின்னும், இல்லாவிட்டால் மரவள்ளி இலை. இரண்டும் கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர வேறு இலையில் வாய் வைக்காது. இந்தப் புது வம்சம் எருக்கைத் தின்றது. தட்டில் விரித்திருந்த செய்தித்தாளையும் தின்றது.

“நல்ல புழுவுக்கு வாயிலேயே ஒரு காவக்காரன் இருக்கான்” என்று அவன் சந்தோஷம் தாங்காமல் சொன்னான். “கசந்தா தின்னாதம்பான். இதுங்களுக்கு அந்த மரபணுவே வேல செய்யல. இனிமே இலைப் பஞ்சம்னு ஒண்ணு கெடையாது நமக்கு.”

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். போன மாதம் இவன் பின்னறைக்குத் தவழ்ந்து போய் ஒரு புழுவை எடுத்துக் கடித்ததும், அவள் அலறிக்கொண்டு ஓடி விரலை விட்டுத் தோண்டியதும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் மணிவண்ணன் சிரிக்கத்தான் செய்தான். அசாமில் இதை வறுத்தே தின்கிறார்களாம், சத்தாம். நாசமாய்ப் போன சத்து. அவள் விரலுக்குப் பாதிப் புழுதான் கிடைத்தது.

மத்தியானம் அவன் பிளீச்சிங் பவுடர் வாங்க அரியலூருக்குக் கிளம்பினான். யாராவது வெளிச்செருப்போடு உள்ளே வந்தால் புழுவுக்கு நோய் ஒட்டிக்கொள்ளும் என்று கிரில் கேட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவது அவன் வழக்கம். அதற்காக முன்னால் சண்டை போட்டிருக்கிறாள். இப்போதெல்லாம் பூட்டும் சத்தம் காதில் விழுவதுகூட இல்லை. இன்றைக்கு விழுந்தது.

பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டினாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பால் கொடுத்துப் பார்த்தாள், தலையைத் திருப்பிக்கொண்டான். அப்பாடா, மறந்துவிட்டான்! சந்தோஷத்தில் அவனை அள்ளி முத்தமிட்டாள். கூடத்து உத்தரத்தில் தொங்கிய சேலைத் தூளியில் கிடத்தி, ஆட்டிக்கொண்டே திங்கட்கிழமை எந்தச் சேலை கட்டலாம் என்று யோசித்தாள். கொஞ்ச நேரத்தில் தூளியின் அடி நனைந்து சொட்டியது. பச்சையாக, தண்ணீராக, இலை நசுக்கின வாடையோடு, அந்தச் சின்ன வயிற்றில் இவ்வளவு இருந்ததா என்று திகைக்கும்படி. துடைத்துத் துணி மாற்றினாள். பிள்ளை அழவில்லை.

அப்போதுதான் வீடு அமைதியாக இருப்பது உறைத்தது. பின்னறையிலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்த அந்தச் சரசரப்பு, நாலு வருஷமாக அவள் தூக்கத்துக்குள்ளும் கேட்ட சத்தம், நின்றிருந்தது. போய்ப் பார்த்தாள். தட்டுகளில் இலை அப்படியே கிடந்தது. புழுக்கள் எல்லாம் முன்னுடம்பைத் தூக்கி நின்று, தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தன.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பழுத்துவிட்டன. அவளுக்கும் தெரியும் இது. கூடு கட்டும் வேளை வந்தால் புழு தின்பதை நிறுத்தும். வயிற்றில் இருப்பதையெல்லாம் கழித்துவிடும். உடம்பு தெளிந்துபோகும், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஊடுருவும். பிறகு தலையைத் தூக்கி இடம் தேடும்.

கையிலிருந்த புழு நழுவி விழுந்தது.

தின்பதை நிறுத்தும். கழித்துவிடும்.

கூடத்துக்கு ஓடினாள். தூளிக்குள் அரவிந்தன் விழித்திருந்தான். தலை இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது. செல்போன் டார்ச்சைப் போட்டு அவன் உள்ளங்கைக்கு அடியில் பிடித்தாள். எல்லார் கையும் சிவப்பாகத் தெரியும். இது மஞ்சளாகத் தெரிந்தது. தேன் மாதிரி. எலும்பின் நிழலே இல்லை. அதே போனில் மணிவண்ணனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க! உடனே வாங்க. புள்ளைக்கு என்னமோ ஆவுது.”

“அரியலூர்கிட்ட லாரி ஒண்ணு கவுந்து ரோடே ஜாமா கெடக்கு பிரியா. என்னாச்சு, சுரமா?”

“பூட்டிட்டுப் போயிட்டீங்களே! பாவி, பூட்டிட்டுப் போயிட்டீங்களே!”

கிரில்லைப் பிடித்து உலுக்கினாள். கத்தினாள். லாரிகள் அவள் குரலின் மேல் ஏறிப் போயின. அம்மிக் குழவியைத் தூக்கி வந்து பூட்டை அடித்தாள். குழவிதான் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. கை கிழிந்து ரத்தம் வந்தது. பூட்டு அசையவில்லை.

திரும்பி வந்தபோது தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அதன் வாய் மூடியிருந்தது.

சேலையின் இரண்டு ஓரங்களும் ஒட்டிப்போயிருந்தன. விரலால் தொட்டாள். ஈரம். பசை. நூல். வெறிகொண்டு சேலையைக் கிழித்தாள். சேலை கிழிந்து வந்தது. அதற்குள் இன்னொரு சுவர் இருந்தது, வெள்ளையாக. நகம் இறங்கவில்லை. அரிவாள்மணையை எடுத்தாள். எங்கே வெட்டுவது? எந்தப் பக்கம் பிள்ளையின் முகம்? அரிவாள்மணையைக் கீழே போட்டாள்.

வெளியிலிருந்து எந்தப் புழுவும் வந்திருக்கவில்லை. கூடு எப்போதும் உள்ளேயிருந்துதான் கட்டப்படும்.

டார்ச்சைப் பிடித்தாள். வெள்ளைச் சுவருக்குப் பின்னால் சின்னத் தலை ஒன்றின் நிழல். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

“அரவிந்தா.”

நிழல் நின்றது. அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது.

“அம்மாடா. அம்மா இங்கதாண்டா இருக்கேன். வாடா சாமி, பால் குடிக்க வாடா.”

கொஞ்ச நேரம் அவளையே பார்த்தபடி இருந்தது அது. அவளுக்கு மார்பு கனத்துப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. பிறகு தலை மறுபடியும் அசையத் தொடங்கியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். ஒவ்வொரு அசைவுக்கும் சுவர் தடித்தது, நிழல் மங்கியது, மங்கிக்கொண்டே போய் வெறும் வெள்ளையானது. உள்ளே சரசரப்பு மட்டும் நிற்கவில்லை.