பசை இன்னும் காயலை!

செல்போன் அலறியது.

சிம்ரன் எடுக்கவில்லை. வாயில் ஸ்க்ரூ. இடது கையில் கிட்டார் பிக்கப். வலது கையில் சூடான சால்டரிங் அயர்ன். எப்படி எடுப்பாள்?

ஓய்ந்தது. மறுபடி அலறியது.

மூன்றாவது முறை அலறியபோது ஸ்க்ரூவைத் துப்பிவிட்டு எடுத்தாள்.

"ஹலோ... பழைய பேஸ் கிட்டார் வாங்கி விக்கிற சிம்ரன் மேடமா?"

ஆண் குரல். மூச்சு வாங்கும் குரல்.

"ஆமா. நீங்க யாரு?"

"என் பேர் ஸ்ரீராம். வெள்ளானூர்லேர்ந்து பேசுறேன். கஜபதியோட ஃப்ரெண்டு."

சிம்ரன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கஜபதி!

கையாலேயே பேஸ் கிட்டார் செய்கிற மனிதர். மூன்று வருஷமாக அவரிடம்தான் நெக், பிரிட்ஜ், பிக்கப் என்று உதிரிகள் வாங்குகிறாள். கரையான்சாவடி மெயின் ரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அவளுடைய சின்னக் கடையில் பாதிச் சரக்கு அவருடையது. ஆனால் ஆளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. குரலைக்கூடக் கேட்டதில்லை. ஆர்டர், விலை, சண்டை... எல்லாமே வாட்ஸ்அப்தான். புரொஃபைல் படத்தில்கூட முகத்துக்குப் பதில் ஒரு கறுப்பு பேஸ்.

"சொல்லுங்க. அவருக்கு என்ன?"

"மூணு நாளா ஆளைக் காணோம் மேடம். மனசு ரொம்ப ஒடைஞ்சு போயிருந்தான். நேத்து சாயங்காலம் எனக்கு ஒரு போன் பண்ணினான். 'எல்லாத்தையும் சிம்ரனுக்குக் குடுத்துடு. நான் இனிமே திரும்பி வரமாட்டேன்'னான். அவ்ளோதான்... வச்சுட்டான்!"

"போலீஸுக்குச் சொன்னீங்களா?"

"சொல்லணும். முதல்ல நீங்க வாங்க. ஏழு பேஸ் இருக்கு, உதிரி ஒரு ரூம் நிறைய இருக்கு. எனக்கு கிட்டாருக்கும் தம்புராவுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டு மணிக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க!"

"அது ஏன் ரெண்டு மணி?"

போன் கட்!

சரக்கு ஏற்ற அவள் பிடித்த யூசுப் பாயின் குட்டியானை வண்டி வெள்ளானூருக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. வெயில் ரோட்டை வறுத்துக்கொண்டிருந்தது.

"இன்னா பாப்பா இது... மனுசன் நடமாட்டமே இல்லாத எடத்துல ஊடு கட்டிகினு கீறாரு உங்க ஆளு?"

நிஜம்தான். நேற்றுவரை வயல். இன்று வரிசை வரிசையாக மனைக்கல். நடுவில் ஒற்றையாக ஒரு வீடு. அடுத்த வீடு நாலு மனை தள்ளி, அதுவும் கூரை போடாமல் பாதியில் நின்றிருந்தது.

வாசலில் ஸ்ரீராம் காத்திருந்தான். நாற்பது வயது இருக்கும். மழமழவென்று ஷேவ் செய்த முகம். தாடையில் பிளேடு கீறல், இன்னும் சிவப்பாக.

"வாங்க வாங்க. சீக்கிரம் ஏத்துங்க."

ஹாலில் ஏழு பேஸ்கள் சுவரோரமாக நின்றன. ஒவ்வொன்றும் பளபளவென்று, இப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல. சிம்ரனுக்கு ஒரு கணம் மூச்சே நின்றது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒருவன் போவானா?

யூசுப் பாய்க்கு அந்தக் கவலை இல்லை. கோழியைத் தூக்குவது போல இரண்டு பேஸ்களைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"யோவ்! நெக்கைப் பிடிச்சுத் தூக்காதய்யா! அடியில கை குடு!"

ஸ்ரீராமின் குரல் கிறீச்சிட்டது.

"இன்னா நைனா இப்டி கத்துற? இது இன்னா பச்சக் கொயந்தையா?"

ஸ்ரீராம் சட்டென்று சிரித்தான். "இல்ல பாய்... கஜபதி அப்படித்தான் சொல்லுவான். அதான்..."

சிம்ரனின் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. தம்புராவுக்கும் கிட்டாருக்கும் வித்தியாசம் தெரியாதவனா இவன்?

"உதிரி எங்க சார்?"

"பின்னாடி ரூம்ல. நீங்க பாத்துட்டு இருங்க, நான் பாய்க்கு உதவி பண்றேன்."

பின் அறைக்குப் போனாள்.

மர வாசனை. அலமாரி நிறைய பிக்கப்புகள், பிரிட்ஜுகள், டப்பா டப்பாவாக ட்யூனிங் கீ. சுவரில் உளிகள் வரிசையாக. மூலையில் ஒரு ஸ்டாண்டில் எட்டாவதாக ஒரு பேஸ், இன்னும் கம்பி மாட்டாதது. பக்கத்தில் பெரிய பூட்டுப் போட்ட ஒரு கதவு.

மேஜை மேல் புத்தம்புது நெக் ஒன்று. அதன்மேல் விரல் வைக்கும் கறுப்புப் பலகையை ஒட்டி, ஆறு கிளாம்ப் போட்டு முடுக்கியிருந்தது. அழகான வேலை. இடுக்கில் பிதுங்கி நின்ற ஃபெவிகாலை விரல் நுனியால் தொட்டாள்.

விரலில் ஒட்டியது!

வெள்ளையாக. ஈரமாக.

சிம்ரன் விரலையே பார்த்தாள்.

இந்த வெயிலில் இந்தப் பசை அரை மணி நேரம் தாங்காது. காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தினமும் செய்கிற வேலை, அவளுக்குத் தெரியாதா? அப்படியென்றால்...

அரை மணி நேரத்துக்குள் யாரோ இங்கே உட்கார்ந்து இந்த நெக்கை ஒட்டியிருக்கிறார்கள்!

மூணு நாளாக ஆளைக் காணோம் என்றானே? கஜபதி எங்கேயும் போகவில்லை. இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார். இருக்கிறாரா... இருந்தாரா?

போனை எடுத்தாள். கஜபதியின் நம்பரைத் தட்டினாள்.

டிர்ரிங்... டிர்ரிங்...

மணி அடித்தது. அவள் காதில் அல்ல, முதுகுக்குப் பின்னால்!

திரும்பினாள்.

வாசற்படியில் ஸ்ரீராம். அவன் சட்டைப் பையில் ஒரு போன் வெளிச்சம் போட்டு அலறிக்கொண்டிருந்தது.

"யாருக்கு மேடம் போன்?"

"வந்து... கஜபதி சாருக்குத்தான். சும்மா ஒரு தடவை..."

"போனை வீட்லயே வச்சுட்டுப் போயிட்டான். நான் எடுத்து வச்சிருக்கேன்."

"ஓ... சரி சார்."

சரி என்று வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை. போன் இங்கே இருந்தால் நேற்றுச் சாயங்காலம் எந்தப் போனில் கூப்பிட்டார்? அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்கவே வேண்டாம். அவள் முகத்தில் அது அப்படியே எழுதியிருந்தது.

அவனும் படித்துவிட்டான்.

போனை அணைத்தான். மெதுவாக உள்ளே வந்தான்.

"விரல்ல என்ன மேடம்?"

சிம்ரன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லையே..."

டொம்!

பூட்டிய கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டொம்... டொம்!

"அ... அது என்ன சார்?"

"நாய்."

"நாய் குரைக்கும் சார். கதவை உதைக்காது."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். டூ லேட்! ஸ்ரீராமின் கை சுவருக்குப் போனது. திரும்பி வந்தபோது அதில் ஓர் அங்குல உளி. நுனி வெயிலில் மின்னியது.

"சாமானை ஏத்திக்கிட்டுப் போயிருந்தா நல்லபடியா வீட்டுக்குப் போயிருப்பே. பசையை ஏன் தொட்டே?"

"சார்... நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்லணும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். 'கஜபதி மனசு ஒடைஞ்சு போயிட்டார், எல்லாத்தையும் எனக்குக் குடுத்துட்டார்'னு நாளைக்குப் போலீஸ்ல நீ சொல்லணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். இப்ப நீ வேற என்னமோ சொல்லுவே!"

ஒரு அடி முன்னால் வந்தான்.

சிம்ரன் ஒரு அடி பின்னால் போனாள். முதுகில் ஸ்டாண்டு இடித்தது.

"பாய்!" என்று கத்தினாள். "யூசுப் பாய்!"

"இன்னா பாப்பா?" தூரத்தில் வாசலிலிருந்து குரல். "கயிறு கட்டிகினு கீறேன், தோ வர்றேன்!"

தோ என்பதற்கு இன்னும் இருபது வினாடி ஆகும். உளிக்கு இரண்டே வினாடி போதும்.

கை பின்னால் துழாவியது. கம்பி மாட்டாத பேஸ் அகப்பட்டது. ஐந்து கிலோ மரம். யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தைப் பார்த்து வீசினாள்!

விலகியிருக்கலாம் அவன். குனிந்திருக்கலாம். குத்தியிருக்கலாம்.

எதுவும் செய்யவில்லை.

உளியைக் கீழே போட்டான். "ஐயோ!" என்று அலறினான். பாய்ந்து, இரண்டு கையையும் நீட்டி, அந்த பேஸ் தரையில் விழாமல் ஏந்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்!

சிம்ரன் திகைத்துப்போய் நின்றாள். ஒரே ஒரு வினாடி.

அடுத்த வினாடி உளியை மேஜைக்கு அடியில் உதைத்துத் தள்ளினாள். "பாய்! இவனைப் புடிங்க!"

யூசுப் பாய் ஓடி வந்தார். கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் வேலை முடிந்த பிறகுதான். அவருடைய முழங்கால் ஸ்ரீராமின் முதுகில் இறங்கியது. சரக்குக் கட்டும் கயிறு இரண்டு மணிக்கட்டையும் சுற்றியது.

"இன்னாடா பேமானி... பொண்ணாண்டயா வேலையக் காட்டுற? ஏம் பாப்பா, இன்னா மேட்டரு?"

"உள்ள கஜபதி சாரை அடைச்சு வச்சிருக்கான் பாய்! இவன் பாக்கெட்ல சாவி இருக்கும், பாருங்க!"

"பேஸை மெதுவா வைங்க..." கீழே கிடந்தவன் முனகினான். "வார்னிஷ் இன்னும் காயலை..."

"வாயை மூடு!"

சாவி கிடைத்தது. பூட்டு திறந்தது.

இருட்டு. மூச்சை அடைக்கும் வெக்கை. தரையில் ஒரு மனிதன், கையும் காலும் கட்டி, வாயில் பிளாஸ்திரி. நல்ல சட்டை. விரலில் 'ஜி' என்று ஆங்கில எழுத்துப் பொறித்த மோதிரம்.

"கஜபதி சார்!"

ஓடிப்போய் மண்டியிட்டாள். பிளாஸ்திரியைப் பிய்த்தாள்.

"சார்... பயப்படாதீங்க! உங்க ஃப்ரெண்டைக் கட்டிப் போட்டுட்டோம் சார்!"

அந்த மனிதன் இருமினான். விழித்தான். அவளைத் தாண்டி, கதவுக்கு வெளியே, தரையில் கிடந்தவனைப் பார்த்தான். உடம்பு உதறியது.

"நா... நான் கஜபதி இல்லம்மா. எம் பேரு சின்னசாமி."

"என்னது?"

"கஜபதி... அந்தாளுதான்மா!"

சிம்ரன் மெல்லத் திரும்பினாள்.

கயிற்றால் கட்டுண்டு கிடந்தவன் அவளைப் பார்க்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஜை மேல் அந்த நெக்கை.

சிம்ரன் போலீஸுக்குப் போன் செய்து, இன்ஸ்பெக்டர் கார்த்திகா வந்து இறங்கியபோது மணி இரண்டு.

வீட்டுக்குப் பின்னால் முள்ளுக்காட்டில் மறைத்து நிறுத்தியிருந்த கஜபதியின் கார் அகப்பட்டது. டிக்கியில் இரண்டு கேன் பெட்ரோல். ஒரு கடிதம். 'என் சாவுக்கு யாரும் காரணமில்லை' என்று குண்டு குண்டான கையெழுத்து.

"போன வருஷம் நெமிலிச்சேரி பக்கத்துல குடிச்சுட்டு கார் ஓட்டி ரெண்டு பேரைக் கொன்னவர் இவர்தான்" என்றார் கார்த்திகா. "திங்கக்கிழமை தீர்ப்பு. நிச்சயம் ஜெயில். செத்தவன் மேல கேஸ் நடக்காதே? அதான், காருக்குள்ள தன் சட்டை, தன் மோதிரத்தோட ஒரு ஆளை வச்சுக் கொளுத்திட்டு, தாடியை எடுத்துட்டு, ஸ்ரீராமாக் கிளம்பப் பாத்திருக்கார். அந்த ஆளு மயக்கம் தெளியறதுக்குள்ள முடிக்கணும்னுதான் உங்களுக்கு ரெண்டு மணிக் கெடு."

சிம்ரன் கஜபதியின் எதிரில் போய் நின்றாள். மூன்று வருஷம் மெசேஜில் சண்டை போட்ட மனிதர். அவர்தான் என்று தெரிந்து இப்போதுதான் அந்த முகத்தைப் பார்க்கிறாள்.

"இன்னிக்கு ஓடப்போறவர் கடைசி நேரத்துல எதுக்கு சார் நெக்கை ஒட்டினீங்க?"

"சும்மா உக்கார முடியலை." கஜபதி தலையைக் குனிந்தார். "கை பரபரன்னுது. நீ வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்னு..."

"இதையெல்லாம் இங்கயே விட்டுட்டுப் போயிருக்கலாமே? என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? சாட்சிக்கு மட்டுமா?"

"இல்ல. யாரும் இல்லாத வீட்ல கரையான் அரிச்சுடும். எங்கேயாவது யாராவது வாசிக்கட்டும்னு தோணுச்சு."

"கிட்டாரைக் கரையான் அரிக்கக் கூடாது. மனுஷன் மட்டும் எரியலாம். அப்படித்தானே சார்?"

கஜபதியை ஜீப்பில் ஏற்றினார்கள்.

சின்னசாமி வாசலில் உட்கார்ந்து, யூசுப் பாய் வாங்கி வந்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கையில் கயிற்றின் தடம் சிவந்திருந்தது. கார்த்திகா நோட்டைத் திறந்தார்.

"உங்களை எப்படிப் புடிச்சார், சொல்லுங்க."

"பூந்தமல்லில காலையில வேலைக்கு ஆள் எடுக்கிற எடம் கீது மேடம். இன்னிக்கு அங்க வந்து எங்க எல்லாரையும் ஒசரம் பாத்தாரு, அகலம் பாத்தாரு. 'நீ வா'ன்னாரு. பெயிண்ட் அடிக்கிற வேலைன்னாரு. ஊட்டாண்ட வந்ததும் 'உன் சட்டை அழுக்காயிடும், இத்தப் போட்டுக்கோ'ன்னு புதுச் சட்டை குடுத்தாரு. மோதிரத்தையும் மாட்டி உட்டாரு. நல்ல மனுசன்னு நெனைச்சேன். டீ குடுத்தாரு. குடிச்சேன். அவ்ளோதான்... கண்ணு சொக்கிடுச்சு!"

"கூலி பேசினாரா?"

"பேசாம வருவனா மேடம்? ஒரு ஆள் கூலிதான் பேசினாரு." சின்னசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு ஆள் வேலைன்னு அப்பவே சொல்லிருக்கணும். உசுரோட நானா வரணும், செத்தப்புறம் அவரா கெடக்கணும்... ஒத்தக் கூலிக்குக் கட்டுப்படியாகுமா மேடம்?"