அரைமீசை சாட்சி

அம்மாவின் ஆபீசில் பல மாதங்களாக ஒரு நாற்றம். ஜன்னலைத் திறந்து வைத்தார்கள், தரையைக் கழுவினார்கள், கடைசியில் காவலாளியின் காலுறையைச் சந்தேகப்பட்டார்கள். நாற்றம் போகவில்லை.

"மீன்பிடித் துறைமுகம் பின்னே எப்படி மணக்கும்?" என்றார் காவலாளி, மனம் நொந்து.

வாலு மட்டும் வாயே திறக்கவில்லை. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

துறைமுகத்துக்கு வரும் மீன்பிடிக் கப்பல்களைச் சோதிப்பது அம்மாவின் வேலை. பள்ளி விட்டதும் வாலு நேரே அங்கே வந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அன்று எழுத முடியவில்லை. அம்மாவின் முகம் சரியாக இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"அந்த வெள்ளைக் கப்பலைப் பாரு. நடுக்கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, இல்லையா? அதனால எல்லா நாடும் சேர்ந்து, மீன் குஞ்சு பொரிக்கிற இடத்துல யாரும் வலை போடக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கு. ஒரு நீலக் கப்பல் அங்கேயே போய் அள்ளிட்டு மறைஞ்சுடுச்சு. அதைக் கண்டா எந்தத் துறைமுகமும் தப்பிக்க விடக் கூடாதுன்னு உலகம் முழுக்கத் தகவல் போயிருக்கு. போன வருஷம் இங்கே வந்து நின்ன கப்பல்தான் அது."

"ஆனா இது வெள்ளையாச்சே?"

"பெயிண்ட் அடிக்கவா தெரியாது? பேர் புதுசு, கொடி புதுசு. ஆனா ஒரு ஆதாரம்கூட இல்லாம சுரண்டிப் பார்க்க மேலதிகாரி சம்மதிக்க மாட்டார். சாயங்காலம் கிளம்பிடும். மறுபடியும் அங்கேதான் போகும்."

அப்போது கப்பலின் கேப்டன் உள்ளே வந்தார். முகமெல்லாம் வெயிலில் கறுத்திருக்க, மேலுதட்டில் மட்டும் ஒரு பட்டை வெளுத்திருந்தது. கையில் சாம்பல் நிறப் பூனை.

வாலு எட்டிப் பார்த்தாள். பூனையின் மூக்குக்கு இடப்பக்கம் மட்டும் கறுப்பாக ஒரு மீசை.

அரைமீசை!

போன வருஷம், அம்மா கப்பல்களைப் பார்க்கப் போன நேரமெல்லாம் ஜன்னல் வழியாக வந்து அவளோடு விளையாடிய அதே அரைமீசை. அந்த நீலக் கப்பல் கிளம்பிய நாளில் அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. என்றாவது வரும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

'இது அந்தப் பூனைதான்' என்று கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். உலகத்தில் பூனைக்கா பஞ்சம் என்று கேப்டன் சிரிப்பார். அதோடு, நம்பி வந்த தோழனைக் காட்டிக்கொடுப்பதா? மனசு அங்குமிங்கும் ஊசலாடியது. திருட்டு மீனை அரைமீசை தின்றிருக்கலாம். வலை போட்டது அது இல்லையே!

ஒரு வழி தோன்றியது. ஆனால் அதில் அவளுடைய குட்டும் வெளிப்பட்டுவிடும். பரவாயில்லை.

"மாமா, இது உங்க பூனையா?"

"என் செல்லம்! என் கப்பல்லயே பிறந்தது. வேற கப்பல்ல கால்கூட வெச்சதில்லை."

"எங்க ஊருக்கு வந்திருக்கா?"

"நாங்களே இப்பத்தான் முதல் தடவை வர்றோம் பாப்பா. அது எப்படி வரும்?"

"கொஞ்சம் கீழே விடுங்களேன்."

கேப்டன் விட்டார். அரைமீசை சோம்பல் முறித்தது. யாரையும் சட்டை செய்யாமல், காவலாளியின் நாற்காலிக்கு அடியில் புகுந்து, அம்மாவின் மேசையைச் சுற்றிக்கொண்டு கடைசி இழுப்பறைக்குப் போனது. அது எப்போதும் மக்கர் பண்ணும் இழுப்பறை. பூனை அதன் வலது மூலையில் ஓங்கி ஒரு அடி வைத்தது. பிறகு நகத்தை மாட்டி இழுத்தது. உள்ளே இறங்கியது. வாயில் ஒரு கருவாட்டோடு தலையை நீட்டியது.

அறை முழுக்க அந்த நாற்றம்.

"என் காலுறைகிட்ட எல்லாரும் மன்னிப்புக் கேளுங்க!" என்றார் காவலாளி.

அம்மா எழுந்தாள். "முதல் தடவை வந்த பூனைக்கு என் இழுப்பறை எப்படித் தெரியும்?"

"அது... மோப்பம் பிடிச்சிருக்கும்."

"கருவாட்டை மோப்பம் பிடிக்கலாம். மூலையில அடிச்சாத்தான் திறக்கும்னும் மோப்பம் பிடிச்சுதா? எனக்கே அது பழக ஒரு வாரம் ஆச்சு!"

கேப்டனின் கை தன்னையறியாமல் மீசையை முறுக்கப் போனது. அங்கே மீசை இல்லை. வெளுத்த பட்டைதான் இருந்தது.

"ஓ, நீங்களா! போன வருஷம் மீசையோட வந்தீங்க!" என்றபடி அம்மா தொலைபேசியை எடுத்தாள்.

கப்பலைச் சுரண்டினார்கள். வெள்ளைக்குக் கீழே நீலம் வந்தது. நீலத்தில் பழைய பெயர் வந்தது. சாயங்காலம் கப்பல் கிளம்பவில்லை.

மாலுமிகள் பூனையை எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார்கள். அது இழுப்பறையை விட்டு அசையவில்லை. வாலு மெல்ல அதன் தலையைத் தடவினாள். கோபமாக இருக்குமோ? கொர்கொர் என்று சத்தம் வந்தது. இல்லை.

"வாலு," என்றாள் அம்மா, இடுப்பில் கைவைத்து. "என் இழுப்பறையில மாசாமாசம் கருவாடு வெச்சது யாரு?"

வாலு பூனையைப் பார்த்தாள். பூனை வாலுவைப் பார்த்தது.

"ஷ்ஷ்! சாட்சி சாப்பிடுதும்மா. இப்போ போய்க் கேள்வி கேக்கலாமா?"